நாலாம் நம்பர் மெஷின்

பிரிண்டரை விடுங்கோ. பிரிண்டருக்கு ஒண்டுமில்லை. டெலிபோனிலை பிரிண்டர் பழுது எண்டு சொன்னது சும்மா. கடையிலை ஆக்கள் நிண்டவை, வேறை என்னத்தைச் சொல்ல?

இஞ்சாலை வாங்கோ. இதிலை இருங்கோ. ஜக்கெற்றைக் கழட்டி அந்த அரிசி மூட்டைக்கு மேலை போடுங்கோ.

எத்தினை மணி? மூண்டு பத்து. டுசல்டோர்ஃபிலை இருந்து வுப்பர்டாலுக்கு வர அரை மணித்தியாலம் காணும். ரயில் நிண்டிட்டுதோ? ம். முந்தி இந்த ஜேர்மனியிலை ரயிலைப் பார்த்து மணிக்கூட்டைத் திருத்தலாம். இப்ப நாள்காட்டியைத்தான் திருத்தவேணும்.

நாலு மணிக்கு முன்னம் முடிக்கவேணும் தம்பி. நாலு மணிக்கு ஒரு ஆள் வந்து அந்த மூலையிலை, நாலாம் நம்பர் கொம்பியூட்டர் மெஷினிலை இருக்கும். அதுக்கு முதல் நீங்கள் பூட்டின அந்த ஒன்லைன் பேக்கப்பைக் கழட்டிப் போடுங்கோ. மெஷினிலை கிடக்கிறதையும் கழட்டவேணும், மேலை, இன்ரநெற்றிலை, ஏத்தி வைச்சிருக்கிறதையும் துடைக்கவேணும். ஒரு துண்டும் மிஞ்சப்படாது. நானே திருப்பி எடுக்க வெளிக்கிட்டாலும் எடுக்க ஏலாமல் இருக்கவேணும். அவ்வளவுதான் வேலை.

அங்கிள் எண்டாதேங்கோ. ஞானசுந்தரம் எண்டு வெளியிலை போர்டிலை கிடக்கு. ஐயா எண்டாலும் சரி. அங்கிள் எண்டால் எனக்கு அரியண்டம்.

எந்த மெஷினிலையோ? நாலிலையும் பூட்டினது நீங்கள்தானே. மறந்து போச்சோ? மாசி மாசம் சென்னைக்குப் பார்சல் போட வந்தனீங்கள். ஸ்ரீநிவாஸ் எண்டு கொட்டை எழுத்திலை எழுதினனீங்கள். அண்டைக்குத்தான் சுபானி எண்ட பிள்ளை இதிலை நிண்டு குழறி அழுதது. அவுஸ்பில்டுங்குக்கு, தொழில் படிக்க, விண்ணப்பம் அடிச்சது. மூண்டு மணித்தியாலம். அடிச்சு, சேவ் பண்ணி, மெஷின் இறுகிப் போச்சு எண்டு தானே நிப்பாட்டித் திருப்பிப் போட்டுது. போச்சு.

அது போகத்தானே செய்யும். றோல்பேக் எண்டால் அதுதானே. நிப்பாட்டிப் போட்டால் மெஷின் நான் முதன்முதல் பூட்டி வைச்ச மாதிரி வந்து நிக்கும். ஆர் என்னத்தை எழுதினாலும், என்ன ஊத்தையை இறக்கினாலும், ஒருக்கா நிப்பாட்டினால் துடைச்ச மாதிரி. பதினெட்டு வருசமா அதை வைச்சுத்தான் இந்தக் கடை ஓடுது. அங்கை சுவரிலை அறிவிப்பு மட்டை கிடக்கு, பாருங்கோ. தமிழிலை, டொச்சிலை, இங்கிலிஷிலை. நீங்கள் இதிலை எழுதுவது எதுவும் இரவு தங்காது. சனம் அதை நம்பித்தான் வாறது. வங்கிக் காயிதம், வக்கீல் காயிதம், ஆருக்கும் தெரியாமல் அடிக்கவேண்டியது எல்லாம் இஞ்சைதான் அடிக்கும்.

அதுக்குள்ளை நீங்கள் பார்சலோடை நிண்டு மூக்கை நீட்டினனீங்கள். சார், கவலையே படாதீங்க, ஒரு பேக்கப் போட்டுட்டா இந்தப் பிரச்சினையே இருக்காது, அஞ்சு நிமிஷ வேலை. அப்பிடித்தானே சொன்னனீங்கள்? இரண்டு மணித்தியாலம் இருந்தனீங்கள். என்ரை மனிசி தேத்தண்ணி தந்தவ, வடை தந்தவ. ஆறு வடை. நான் எண்ணினதுக்குச் சொல்லேல்லை, நீங்கள் நல்லாச் சாப்பிட்டனீங்கள் எண்டு சொல்லுறன்.

என்ன செய்து போட்டுப் போனனீங்கள் எண்டு இப்ப கேளுங்கோ. ஒரே மெஷினுக்குள்ளை இரண்டு சாமானைப் பூட்டினனீங்கள். ஒண்டு எல்லாத்தையும் மறக்கும். மற்றது ஒண்டையும் மறக்காது. சனம் எழுத எழுத, மூண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா அது மேலை ஏத்துது. ஆற்றை பெயரிலை? என்ரை பெயரிலை. பின்னேரம் நான் நாலையும் நிப்பாட்டுறன், மெஷின் மறந்து போடுது. மேலை எல்லாம் கிடக்கு. திகதி போட்டு, மணி போட்டு, அடுக்கி வைச்சுக் கிடக்கு. நான் அந்த மட்டைக்குக் கீழை நிண்டு சனத்துக்குப் பொய் சொல்லியிருக்கிறன். எட்டு மாசம்.

சட்டம் எனக்கும் தெரியும். டாட்டன்ஷுட்ஸ், தரவுப் பாதுகாப்பு எண்டு இஞ்சை பல்லு விளக்கிறத்துக்கும் கையெழுத்து வாங்குவாங்கள். ஆரும் அறிஞ்சால் கடையை இழுத்துப் பூட்டவேண்டியதுதான்.

எனக்கு எப்பிடித் தெரியும் எண்டோ? அந்தக் கொம்பனி மெயில் போட்டுது. உங்கடை இடம் நிரம்புது, கூடக் காசு கட்டுங்கோ எண்டு. ஒவ்வொரு நாளும். பேசிப்போட்டு நிப்பாட்டுவம் எண்டு உள்ளுக்குப் போனன். போனால் ஊரே கிடக்கு.

விவேக் எண்டு ஒரு பெடியன் வாறவன். முப்பது இடத்துக்கு வேலைக்கு எழுதியிருக்கிறான். முப்பதிலையும் பிறந்த வருசம் பிழை. அதின்படி பார்த்தால் ஆளுக்கு மூண்டு வயசு. நான் அதை எப்பிடி அவனுக்குச் சொல்லுறது? நான் பார்த்திருக்கக் கூடாதே. இண்டை வரைக்கும் அவன்ரை மூஞ்சையைப் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்தி இருக்கிறன். புஷ்பமலர் அக்கா, ஒவ்வொரு கிழமையும் சிரிச்சுக்கொண்டு வருவா, தம்பி சுகமோ எண்டு கேட்பா. என்ரை கடைக் கக்கூசு நாறுது எண்டு நகரசபைக்கு முறைப்பாடு அடிச்சிருக்கிறா. என்ரை மெஷினிலை. என்ரை பிரிண்டரிலை எடுத்து, நேர்த்தியா மடிச்சுக்கொண்டு போயிருக்கிறா.

கழுவினனான். அடுத்தநாளே. சிரியாதேங்கோ.

சரி, அதுகளை அழிச்சிட்டன். மற்ற ஆக்களின்ரை எல்லாம் அண்டைக்கே அழிச்சாச்சு, பேந்து வந்ததையும் நாளுக்கு நாள் வாசிக்காமல் அழிக்கிறன். அது லேசு. மற்றவையின்ரை ஊத்தை எனக்கு என்னத்துக்கு. மிச்சம் ஒண்டுதான். நாலாம் நம்பர்.

ஆற்றை எண்டு பேந்து சொல்லுறன். முதல் வேலையைத் துவங்குங்கோ.

நானே மெஷினிலை கழட்டலாமோ? அட, கேக்கிறார் பாருங்கோ. கழட்டினனான் தம்பி. இந்தக் கையாலை கழட்டினனான். பின்னேரம் கழட்டுறன், விடியக் கடையைத் திறந்து மெஷினைப் போட்டால் பழையபடி முளைச்சுக் கிடக்கு. விளங்கேல்லையோ? நீங்கள் பேக்கப்பைப் பூட்டிப் போட்டு, பேந்து அதுக்கு மேலை றோல்பேக்கை இறுக்கினனீங்கள். இப்ப றோல்பேக் நினைக்குது, பேக்கப்பும் தன்ரை பிள்ளை எண்டு. நான் வெட்ட வெட்ட அது திருப்பிக் கொண்டுவந்து வைக்குது. வேப்பமரத்துப் பிசாசு மாதிரி. பழைய றோல்பேக்கின்ரை பாஸ்வேர்ட் என்னட்டை இருந்தது. நீங்கள் புதுசு போட்டு, பாஸ்வேர்ட்டும் புதுசு போட்டு, என்ரை போனிலை இருக்கு சார், வேணும்னா கூப்பிடுங்க எண்டு போட்டுப் போட்டியள். வேணும். இப்ப வேணும். அடியுங்கோ.

ஓம், திருப்பி நிப்பாட்டிப் போடவேணும் எண்டால் நிப்பாட்டுங்கோ. கதைச்சுக்கொண்டிராமல் செய்யுங்கோ.

மேலை கிடக்கிறதோ? அதை அழிக்க ஏலும். பட்டன் கிடக்கு. அழிச்சால் குப்பைக் கூடைக்குப் போகும். கூடைக்குள்ளை முப்பது நாள் கிடக்கும். நான் ஏழு தரம் அழிச்சனான்.

ஏழு தரமும் திருப்பி எடுத்தனான்.

என்னைப் பார்க்காதேங்கோ. திரையைப் பாருங்கோ.

எழுபத்தொரு வயசு. சிகரெட்டை ஒரு நாளிலை விட்டனான். தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஒரு பெட்டியைப் பாதியிலை எறிஞ்சனான், பேந்து தொடேல்லை. இதை விட ஏலாமல் கிடக்கு. ஒன்பது மணிக்குக் கடையைத் திறப்பன். பால் போத்தலைக் கூட உள்ளுக்கு எடுக்காமல் ஓடிவந்து இதைத் திறந்து, முதல்நாள் என்ன எழுதிக் கிடக்கு எண்டு பார்ப்பன். பேப்பர் வாசிக்கிற மாதிரி. தூ. எனக்கே என்னைப் பார்க்கச் சத்தி வருது.

களவு எழுத்தோ? இல்லை. காதல் கடிதமோ? உங்கடை வயசுக்கு உங்களுக்கு அதுதான் தோன்றும். இல்லை.

ஒரு பொம்பிளை. சரி, சொல்லுறன். என்ரை மனிசி. கமலாம்பிகை. உங்களுக்கு வடை தந்தவதான்.

அவ முதியோர் இல்லத்திலை சமையல் வேலை. மூண்டரைக்கு முடியும், பஸ் எடுத்து நாலு மணிக்கு இஞ்சை வருவா. வந்தவுடனை கல்லாவுக்கு வரமாட்டா. முதல் நாலாம் நம்பரிலை இருவது நிமிஷம். பேந்து வந்து கல்லாவிலை நிப்பா, நான் வீட்டை போய்க் காலை நீட்டுவன். என்ன பார்க்கிறாய் எண்டு நான் ஒரு நாளும் கேக்கேல்லை. சீலை பார்க்கிறா, சமையல் பார்க்கிறா எண்டு நினைச்சனான். நினைச்சன் எண்டு சொல்லுறதும் பொய். நினைக்கவேயில்லை.

ஏன் வீட்டிலை கொப்பியிலை எழுதேல்லை எண்டோ? கொப்பி கிடக்குமே. நான் எடுத்துப் பார்ப்பன், பிள்ளையள் வந்தால் பார்ப்பினம். இந்த மெஷின் பின்னேரம் எல்லாத்தையும் மறந்து போடும் எண்டு அவவுக்குத் தெரியும். அந்த மட்டையைத் தமிழிலை அடிச்சதே அவதான். எழுதி, சுபானிக்கு நடந்தது மாதிரி இடையிலை போயிடக்கூடாது எண்டு சேவ் பண்ணி, இருவது நிமிஷம் வைச்சு வாசிச்சுப் போட்டு, எழும்பி வந்து சனத்துக்கு முத்திரை விப்பா. நீங்கள் பூட்டின சாமான் அதுக்குள்ளை ஏழு தரம் அதை மேலை ஏத்தியிருக்கும்.

அவவுக்குத் தெரியாது. நீங்கள் பூட்டினனீங்கள் எண்டு தெரியும். சுபானியின்ரை அலுவலுக்கு எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா.

எவ்வளவு வந்திட்டுது? பாதியோ? என்ன பாதி. கெதியாச் செய்யுங்கோ.

என்னைப் பற்றி முறைப்பாடு எண்டால் பரவாயில்லை. புஷ்பமலர் அக்காவின்ரை மாதிரி, நாறுது எண்டால் கழுவலாம். திட்டி எழுதியிருந்தாலும் சரி எண்டிருப்பன். திட்டு ஒண்டுமில்லை. ஒரு சொல்லும் இல்லை.

கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருசம் தம்பி. குடிச்சனானோ? இல்லை. கை நீட்டினனானோ? இல்லை. விசாவுக்கு வெளிநாட்டார் கந்தோர் வாசலிலை விடிய நாலு மணிக்குப் பனியுக்கை வரிசையிலை நிக்கவேணும் எண்டால் நான்தான் நிண்டனான், அவவை விடேல்லை. நல்ல மனிசன் எண்டு என்னை நானே நினைச்சுக்கொண்டிருந்தனான். கதை கொஞ்சம் குறைவு. சரி. எனக்குக் கதைக்கிற ஆக்களைக் கண்டால் பிடிக்காது. உங்களையே இப்ப எவ்வளவு பொறுத்துக்கொண்டிருக்கிறன்.

நானோ கதைக்கிறன்? ம். இண்டைக்கு நான்தான் கதைக்கிறன் போலை.

அவ எழுதினது நான் சொன்னதுகள். அவ்வளவுதான். அண்டண்டைக்கு நான் அவவுக்குச் சொன்ன சொல்லுகள். திகதியைப் போட்டு, கீழை அதுகளை அடிச்சு வைச்சிருக்கிறா. ஒரு நாளைக்கு ஒரு தாள். தாள் எண்டால், தாளிலை ஒரு மூலைக்கும் காணாது.

திங்கள். சாவி எங்கை. ம். லைற்றை நிப்பாட்டு.

செவ்வாய். உப்பு.

புதன். ஒண்டுமில்லை.

வியாழன். மழை வரும். அதுக்குக் கீழை, எனக்குச் சொன்னவரோ யன்னலுக்குச் சொன்னவரோ தெரியாது எண்டு.

இப்பிடி எட்டு மாசம். நீங்கள் பூட்டின நாளிலை இருந்துதான் எனக்குத் தெரியும். அதுக்கு முதல் எத்தினை வருசம் இதிலை இருந்து அடிச்சு அடிச்சு அழிய விட்டவவோ, ஆருக்குத் தெரியும்.

என்ன, நிண்டிட்டீங்கள்? அடியுங்கோ.

பேந்து என்னவோ? பேந்து நான் கதைக்க வெளிக்கிட்டன். வேறை என்ன செய்யிறது? ஐஞ்சு கிழமைக்கு முன்னம். முதல்நாள், கால் நோ எப்பிடி எண்டு கேட்டன். அவவுக்கு முழங்காலிலை கனநாள் வலி. அடுத்தநாள் விடிய ஓடிவந்து பார்க்கிறன், கால் நோ எப்பிடி எண்டு கேட்டவர், ஏன் கேட்டவர் எண்டு தெரியேல்லை எண்டு கிடக்கு. சரி, துவக்கம் அப்பிடித்தான் எண்டு நினைச்சன். அடுத்தநாள், கறி நல்லாயிருக்கு எண்டன். அதுக்கு அவ எழுதினது, கறி நல்லாயிருக்கு எண்டவர், உப்பு இரண்டு தரம் போட்டிட்டன், நானே கொட்டினனான் எண்டு.

சிரியுங்கோ. சிரியுங்கோ. நானும் அண்டைக்கு இதிலை தனிய நிண்டு சிரிச்சனான்.

மூண்டாம் நாள் பதினொரு சொல்லு கதைச்சன். எண்ணினது நான் இல்லை, அவ. பதினொண்டு எண்டு போட்டு, ஏதோ வருத்தத்தை ஒளிக்கிறார், பயமாக் கிடக்கு எண்டு எழுதியிருந்தா. அண்டு பின்னேரம் ஹம்பேர்க்கிலை இருந்து மகள் அஜிதா எடுக்கிறாள். அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ, என்ன சுகமில்லை? ஏனடி எண்டன். நீங்கள் கறி நல்லாயிருக்கு எண்டனீங்களாம், அம்மா அழுதவ எண்டாள்.

பிறகு டொக்டரிட்டை நேரம் குறிச்சு டெர்மின் எடுத்துப் போட்டா. என்னைக் கேக்காமல். கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனா. இரத்தம் எடுத்தான், நெஞ்சுக்கு வயர் பூட்டினான், அமத்திப் பார்த்தான், இருமச் சொன்னான். நான் ஏன் வந்தனான் எண்டு எனக்குத் தெரியும், அவனுக்குச் சொல்ல ஏலுமோ? ஒரு குறையும் இல்லை, குதிரை மாதிரி இருக்கிறார் எண்டான். அண்டைக்கு அவ எழுதினது, டொக்டருக்கும் பிடிபடேல்லை எண்டு.

ஓம், பகிடிதான். அந்த நேரம் எனக்கும் பகிடி. கேளுங்கோ, பகிடி எங்கை முடியுது எண்டு.

நான் விடமாட்டன் எண்டு நிண்டன். ஒவ்வொரு நாளும் விடிய இஞ்சை வந்து, எனக்கு எத்தினை புள்ளி எண்டு பார்க்கிறது. பார்த்துப் போட்டு, இண்டைக்கு என்ன சொல்லுவம் எண்டு யோசிக்கிறது. பில்லுத் துண்டின்ரை பின்பக்கத்திலை எழுதிக்கூட வைச்சனான். பஸ்ஸிலை குளிரோ எண்டு கேள். சீலை வடிவு எண்டு சொல்லு. கிழவியள் எல்லாம் சாப்பிட்டதுகளோ எண்டு கேள். பின்னேரம் அவ வர, அதை வாசிச்ச மாதிரிச் சொல்லுவன். சொல்லேக்கை அவவின்ரை முகத்தைப் பார்க்கிறேல்லை. நாளைக்கு எப்பிடி எழுதப்பட்டு வரும் எண்டதுதான் என்ரை யோசினை. ஒரு நாள், இண்டைக்கு அவர் நல்லாக் கதைச்சவர் எண்டு வந்தது. நான் கடைக்குள்ளை நிண்டு பரிசு கிடைச்ச பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி...

சீ.

நான் அவவோடை கதைக்கேல்லை தம்பி. இதோடை கதைச்சனான். இந்தச் சனியனோடை.

அவவுக்குச் சொல்லலாமே எண்டு லேசாச் சொல்லுறியள். உங்களுக்குக் கலியாணம் ஆச்சோ? இல்லை. பிறகென்ன. சொன்னால் அவ அந்த மூலையிலை பேந்து இருக்கமாட்டா. அவவுக்கு ஒரு இடம் கிடந்தது. ஒரு நாளைக்கு இருவது நிமிஷம், ஆரும் எட்டிப் பாராத இடம். வீட்டிலை இல்லை, வேலையிலை இல்லை, இந்த மண்ணாங்கட்டிக் கடைக்குள்ளை, மாப் பையளுக்குப் பக்கத்திலை. அதுக்குள்ளையும் நான் தலையை விட்டாச்சு. விட்டதை எடுக்க ஏலாது. இனி விடாமலாவது இருக்கிறன். அவ எழுதட்டும். எழுதினது பின்னேரம் அழியட்டும். அந்த மட்டையிலை கிடக்கிறது உண்மையாகட்டும். ஒரு நாள் நானே சொல்லுவனோ என்னவோ. அது வேறை கதை. அதை நான் வாசிச்சுப் பார்த்துச் சொல்லக்கூடாது.

கழட்டியாச்சோ? நாலிலையுமோ? நாலிலையும் திருப்பி இறுக்கிப் போட்டியளோ? நாளைக்கு முளைக்காதே? உங்கடை சொல்லை நம்பி ஒருக்கா நாசமாப் போனனான். ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுக் காட்டுங்கோ. ஓம், எனக்கு முன்னாலை.

ம். இல்லை. வரேல்லை. சரி.

இனி மேலை இருக்கிறது. கணக்கையே மூடவேணும். குப்பைக் கூடையையும் சேர்த்து. அதென்ன சிவப்பிலை கேக்குது? நிரந்தரமா அழிச்சால் திருப்பி எடுக்க முடியாது, நிச்சயமோ எண்டோ. அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டனான்.

என்ன? யூ.எஸ்.பி. ஸ்ரிக்கோ? சின்ன ஸ்ரிக்கிலை ஒரு பிரதி எடுத்துத் தரட்டோ எண்டு கேக்கிறியளோ.

எட்டு மாசம்... எவ்வளவு இடம் பிடிக்கும்? ஒண்டும் பிடிக்காது, என்ன. சொல்லு இருந்தால்தானே இடம் பிடிக்கிறத்துக்கு.

பொறுங்கோ.

இல்லை. வேண்டாம். அந்த ஸ்ரிக்கைப் பொக்கற்றுக்குள்ளை வையுங்கோ, எனக்குக் காட்டாதேங்கோ. அமத்துங்கோ. நான் அமத்தமாட்டன், என்ரை கை எப்பிடிப்பட்ட கை எண்டு சொன்னனான்தானே. நீங்கள் அமத்துங்கோ.

முடிஞ்சுதோ? அவ்வளவுதானோ? ஒரு சத்தமும் இல்லை.

மூண்டு அம்பத்திமூண்டு. நேரம் கிடக்கு. தேத்தண்ணி குடிக்கிறியளோ? சீனி எத்தினை? பிரிண்டர் திருத்த வந்தவர் எண்டு அவவுக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சனான். வேண்டாம். பேக்கப்பைக் கழட்ட வந்தவர் எண்டே சொல்லுறன், அது எனக்குக் கண்டறியாத கரைச்சல் எண்டு. அதிலை பொய் இல்லை.

என்ன கேட்டனீங்கள்? ஏன் இண்டைக்கே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொறுக்க ஏலாதோ எண்டு. காலமை டெலிபோனிலையும் கேட்டனீங்கள்.

நேற்று அவ நான் சொன்ன ஒண்டையும் எழுதேல்லை. திகதியைப் போட்டு ஒரேயொரு வரி. மூண்டு நாளா நான் அவரோடை ஒரு சொல்லும் கதையாமல் இருந்து பார்க்கிறன், அவர் இன்னும் கவனிக்கேல்லை எண்டு.

அந்த மூண்டு நாளும் நான் நல்லாக் கதைச்சனான் தம்பி. ஒரு நாள் இருவது சொல்லுக்கு மேலை.

உந்தா, றோட்டைக் கடக்கிறா. கதவடியிலை நிக்காதேங்கோ, இஞ்சாலை வாங்கோ. வாயைத் திறவாதேங்கோ. நானும் திறக்கமாட்டன். உள்ளுக்கு வந்து அவ முதல் என்ன சொல்லுறா எண்டு எனக்குக் கேக்கவேணும்.